நாலரை மணிக்கு ஒரு மன்னிப்பு

யாங்கோனில் கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். கார்கள் ஓடுவதும் சாலையின் வலப்பக்கம். முன்னால் போகும் பேருந்தை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து தாமுவே வரை அந்த வேலையை நான் பார்த்தேன். ஓட்டுநர் பர்மியில் ஏதோ கேட்பார், நான் தமிழில் "வேண்டாம், வேண்டாம்" என்பேன். எப்படியோ உயிரோடு போய்ச் சேர்ந்தோம்.

மடியில் அம்மா திருச்சியிலிருந்து கொடுத்தனுப்பிய கூறைப்புடவை. அம்மாவும் அவள் தம்பி மாணிக்கம் மாமாவும் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அறுபதுகளில் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது அம்மா ஏறினாள், மாமா ஏறவில்லை. மாமாவின் ஒரே மகள் செல்விக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவளுக்குப் பதிலாக பெர்த்திலிருந்து நான்.

அந்த வாரம் எனக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. அது 2008 பிப்ரவரி. புதன்கிழமை காலை ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் எழுந்து, பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதற்கு அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்கப் போகிறார். அப்படிப் பிடுங்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி என் மனைவி ரூத். நாலு வயதில் ஒரு கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வளர்ந்ததெல்லாம் பாதிரிமார் நடத்திய விடுதியில்.

தேதியை அறிவித்தபோது என் டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தது. "நீ கல்யாணத்துக்குப் போ. ஆனால் எங்கே இருந்தாலும் அதே நேரத்தில் பார். நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றாள் ரூத். பெர்த்தில் காலை ஏழு மணி என்றால் யாங்கோனில் நாலரை.

இதில் இன்னொரு சிக்கல். மாமா வீட்டில் ரூத்தை வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருடம் முன்னால் கல்யாணச் செய்தியை எழுதியபோது "ஆஸ்திரேலியப் பெண்" என்று எழுதினேன். "வெள்ளைக்கார மருமகளுக்கு ஆசீர்வாதம்" என்று மாமா பதில் போட்டார். நான் திருத்தவில்லை. அம்மா விஷயம் தெரிந்தும் திருத்தவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு இருவரையும்தான் அழைத்திருந்தார்கள். ரூத்திடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, குளிக்கத் தொட்டித் தண்ணீர், உனக்குச் சிரமம் என்று அடுக்கினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

தாமுவேயில் மாடி வீடுகளிலிருந்து கீழே தெரு வரை ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் ஒரு கிளிப். செய்தித்தாள்காரர் தாளைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். நான் கயிற்றை இழுத்ததும் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "மாப்ளே, மெதுவா ஏறி வா, ஒம்போதாவது படி ஒடஞ்சு கெடக்கு" என்றது. மாமாவை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்படித்தான்.

தங்கம் அத்தை மொஹிங்கா வைத்தார். மீன் குழம்பில் அரிசி சேமியா, மேலே வாழைத்தண்டு. சென்னைக் கடற்கரைச் சாலைத் தள்ளுவண்டிகளில் பர்மா சாப்பாடு என்று நான் தின்றிருந்ததெல்லாம் இதற்கு முன்னால் வெறும் காரம். இரண்டாவது கிண்ணம் கேட்டேன். அத்தைக்கு அதிலேயே என்னைப் பிடித்துப்போயிற்று.

செல்விக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. பர்மியில் ஏதோ கேட்டாள், மாமா சொன்னார்: "ரூத் அக்கா ஏன் வரலைன்னு கேக்குறா."

"வேலை" என்றேன்.

அத்தை அலமாரியைத் திறந்து இங்கே பெண்களும் கட்டுகிற லுங்கித் துணி ஒன்றை எடுத்து வந்தார். கரும்பச்சை, கரையில் அலை அலையாகச் சரிகை. "வெள்ளத் தோலுக்கு இது எடுப்பா இருக்கும் தம்பி. கடக்காரன்கிட்ட வெள்ளக்கார மருமவளுக்குன்னே சொல்லித்தான் எடுத்தேன்" என்றார். நான் அழகாயிருக்கிறது என்றேன். உடனே ஜன்னலோரம் போய், தெருவில் என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன். எதுவும் விற்கவில்லை.

மறுநாள் செவ்வாய். மணமேடைக்கு அடுக்குப் பானை வேண்டும். "ஊருல பிளாஸ்டிக்ல வச்சிருவாங்களாமே. இங்க த்வாண்டே பானதான்" என்று மாமா கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்தால் அத்தை ரூத்தைப் பற்றிக் கேட்பார்.

த்வாண்டே குயவர்களின் ஊர், படகில் ஆற்றைக் கடந்து அக்கரை டாலா வழியாகப் போக வேண்டும். படகுத்துறையில் ஒரு வேடிக்கை. சீட்டுக் கொடுப்பவர் என் முகத்தைப் பார்த்து உள்ளூர்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், கெட்டது காரியம். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே அழைத்துப் போய், கடவுச்சீட்டு எண், தங்குமிடம், எதற்காக அக்கரை என்று பேரேடு போட்டார்கள். "பானை வாங்க" என்று மாமா சொன்னதை அந்த அதிகாரி நம்பவில்லை. பெர்த்தில் வாயைத் திறக்கும் முன்பே எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை நான் இந்த ஊர்க்காரன்.

த்வாண்டேயில் பானை வாங்கியது பத்து நிமிஷம். திரும்பும் வழியில் லைன் கார் என்கிற அந்தப் பயணிகள் வண்டி வயல் நடுவில் நின்றது அரை நாள் போலிருந்தது. பின்சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெள்ளரிக்காய் நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். ஒரு கிழவர் குட்டித் தூக்கமே போட்டுவிட்டார். நான் மட்டும் வண்டிக்கும் மரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"எவ்ளோ நேரமாகும்னு கேளுங்க மாமா."

"கேட்டாச்சு. ஓடுறப்போ ஓடுங்குறான்."

"நாளைக்குக் காலையில நான் டிவி பாக்கணும் மாமா."

"நாளைக்குத்தானே. இன்னிக்கு ஏன் குதிக்குற?"

வெள்ளரிக்காய்க்காரி என்னைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமா மொழிபெயர்த்தார்: "இவருக்கு வயித்து வலியா, கழிப்பிடம் அந்தப் பக்கம் இருக்குன்னு சொல்றா." நான் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி எழுந்தபோது கால் பட்டு ஒரு பானை உருண்டு உடைந்தது. மாமா ஓடுகளைப் பொறுக்கி மரத்தடியில் வைத்துவிட்டு, மீதியைத் தன் இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

புதன் காலை நாலு மணிக்கே மாமாவோடு தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி யூசுப், ராமநாதபுரம் பக்கத்துப் பரம்பரை. கூரையில் டிஷ் வைத்திருந்தார். இந்த ஊர் டீக்கடைகளில் ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற சத்தம் எழுப்புகிறார்கள். அறுபது வயது மாமா அப்படிச் செய்ததும் எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாலும் சாயமும் சரிபாதியாக டீ வந்தது, அவித்த பட்டாணியோடு ரொட்டி வந்தது. மின்சாரம் வரவில்லை.

"ஜெனரேட்டரு போடுறேன், யாபாடே" என்றார் யூசுப். பரவாயில்லை, ஆகட்டும், இரண்டுக்கும் இங்கே அந்த ஒரே வார்த்தை. போட்டார். திரையில் பந்து விளையாட்டு. முந்தின இரவின் ஆட்டத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மேஜைக்காரர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணி நாலு இருபத்தெட்டு. மாமா எழுந்துபோய் யூசுப்பின் காதில் ஏதோ சொன்னார். விளையாட்டு போய்விட்டது. மேஜைகளில் ஒரு முனகல்.

நாடாளுமன்றம் வந்தது. பிரதமர் எழுந்து நின்றார். யூசுப் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். "அரசாங்க விசயம் ஓடுதுன்னு தெருவுக்குக் கேக்க வேணாம் அண்ணே" என்றார். போன செப்டம்பரில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போனபோது இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நான் முந்தின நாள் அவரிடம் கேட்டிருந்தேன். டீ ஆறிவிடும் என்று பதில் சொன்னார்.

நான் தாழ்ந்த குரலில் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகளைப் பிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். தாய் தகப்பனுக்கு, உடன்பிறப்புகளுக்கு ஏற்பட்ட வேதனைக்கு மன்னிப்புக் கேட்கிறார். மன்னிப்பு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். யூசுப் அதைப் பர்மியில் பக்கத்து மேஜைக்குச் சொன்னார், அவர்கள் அடுத்த மேஜைக்கு. பந்து விளையாட்டுக்காக முனகியவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"தோத்துப்போனாரா?" என்று ஒருவர் கேட்டாராம். யூசுப்தான் சொன்னார்.

"இல்ல. ஜெயிச்சு வந்தவர்."

"யாரும் வற்புறுத்தினாங்களா?"

"ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"கேட்டவங்க இப்ப எங்க, ஜெயில்லயா?"

"இல்ல. அதோ மேல மாடத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க."

மாமா டீயைக் கீழே வைத்தார். "எங்க அப்பா கடைய அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ சாவியக் குடுத்துட்டுப் போன்னாங்க. குடுத்துட்டு அவருதான் கும்பிட்டுட்டு வந்தாரு. பெரிய எடம் சின்ன எடத்துக்குக் கடோ பண்ணி நான் பாத்ததே இல்ல" என்றார்.

கடோ என்பது இந்த ஊர் வழக்கம். சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கி, உடம்பாலும் வாயாலும் மனசாலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் பொறுத்து வாழ்த்துவார்கள். இங்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் கல்யாணத்துக்கு முன்னால் அதைச் செய்கின்றன. அது எப்போதும் கீழிருந்து மேலேதான் போகும்.

திரையில் மாடத்தைக் காட்டினார்கள். ஒரு வயதான அம்மாள், கறுப்பு, அகலமான முகம், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ரூத்துக்கும் அதே நெற்றி.

"நம்ம ஆளுங்க மாதிரியே இருக்காங்களே" என்றார் மாமா. பிறகு என் முழங்காலில் தட்டினார். "ஒம் பொண்டாட்டி வகையறா செஞ்சதுக்குத்தானே மாப்ளே மன்னிப்புக் கேக்குறாங்க? அவளுக்கும் இன்னிக்குச் சங்கடமாத்தான் இருக்கும்."

இல்லை மாமா, அழுகிறார்களே அவர்கள்தான் என் மனைவியின் ஆட்கள் என்று சொல்ல ஒரு விநாடி போதும். பிரதமருக்குத் தைரியம் வந்து நாடே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், ஒரு டீக்கடையில், ஒரே ஒரு மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா மாமா" என்றேன்.

பகல் முழுக்க நடந்தேன். தாமுவே சந்தையில் பூசணிக்காய் விலை கேட்டேன், வாங்கவில்லை. பேருந்தில் ஏறி நகரத்துக்குப் போய்த் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்றேன். வெளிநாட்டு லைன் கிடைக்கவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். திரும்பும் பேருந்தில் கதவு நடுச்சாலைப் பக்கம் திறந்தது, இறங்கும்போது ஒரு டாக்ஸி செருப்பைக் கொண்டுபோயிற்று. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் கடோ. வியாழனிலிருந்து விருந்தாளிகள் வந்துவிடுவார்கள், அதனால் வீட்டளவில் இன்றைக்கே. மாமாவும் அத்தையும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். செல்வி தேங்காயும் வாழைப்பழச் சீப்பும் தட்டில் வைத்து, எங்கள் முன் மண்டியிட்டாள். மாமா சொல்லிக் கொடுத்திருந்த தமிழை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஒடம்பால, வாயால, மனசால, தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச தப்ப எல்லாம் பொறுத்துக்கணும்."

மூன்று முறை குனிந்தாள். மாமா பொறுத்தார், அத்தை பொறுத்தார். என் முறை. அந்தப் பெண் எனக்கு என்ன பிழை செய்தாள்? ஒற்றைச் செருப்பைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர ஒன்றுமில்லை. வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"மாமா, காலையில நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். ரூத் வெள்ளைக்காரி இல்ல. டிவியில அழுதாங்களே, அந்த ஆளுங்க. நாலு வயசுல அவளைத்தான் தூக்கிட்டுப் போனாங்க."

மாமா என்னையே பார்த்தார். அத்தை, புரியாதவர் போல மாமாவைப் பார்த்தார். காலையில் டிவியில் பார்த்ததை மாமா அவரிடம் பர்மியில் இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"பதினோரு வருசமா?" என்றார் பிறகு.

"ஆமா மாமா."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அக்காவுமா" என்று சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை கரும்பச்சைத் துணியைக் கொண்டுவந்து பிரித்து, தன் கையில் போட்டுப் பார்த்தார். "அப்ப நெறம் என்னயப்போலவா?" என்றார். இன்னும் கொஞ்சம் கறுப்பு என்றேன். "அப்ப இது வேணாம். நாளைக்கு மாத்திருவோம், மஞ்சக் கலரு எடுக்கணும்" என்று மடிக்க ஆரம்பித்தார். அவருக்கு இருந்த கவலை அதுதானா, அல்லது வேறு எதையும் பேசாமலிருக்கத் துணியைப் பேசினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செல்வி இன்னும் மண்டியிட்டபடியே இருந்தாள். என்னைப் பார்த்து எதையோ கேட்டாள். பால்கனியிலிருந்து திரும்பாமலே மாமா மொழிபெயர்த்தார்.

"அவங்க அம்மாவை அப்புறம் பாத்தாங்களான்னு கேக்குறா."

"ஒரே ஒரு தடவ. இருவது வயசுல தேடிக் கண்டுபிடிச்சுப் போனா. ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. டீ குடிச்சுட்டு வந்துட்டா. அடுத்த வருஷம் அம்மா செத்துப்போயிட்டாங்க."

மாமா அதைப் பர்மியில் சொன்னார். பிறகு உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"வெள்ளைக்காரின்னதும் தெருவெல்லாம் சொல்லிப் பெரும பட்டவன் நான்தான். அது என் தப்பு. ஆனா காலையில பக்கத்துல உக்காந்து, அந்தப் பொம்பள அழுகுறதப் பாத்துக்கிட்டே ஆமான்னு சொன்னே பாரு, அது ஒன்னோடது. என்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போகுது? அவளுக்குத் தெரியுமா, இங்க அவள வெள்ளைக்காரின்னு வச்சிருக்குறது?"

தெரியாது என்றேன்.

"அப்ப வா மாப்ளே, நாளைக்கு டெலிபோனுக்கு நான் வரிசையில நிக்குறேன்."

வியாழன் காலை ஆறு மணிக்கே மாமா தொலைபேசி நிலையத்தில் இடம் பிடித்துவிட்டார். பத்தரைக்கு லைன் கிடைத்தது. ஆறாம் எண் கூண்டு. கண்ணாடிக்கு வெளியே மாமா எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார், தான் ஒட்டுக்கேட்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டுமாம்.

ரூத்தின் குரல் கம்மியிருந்தது. மைதானத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள், விடுதியில் கூட இருந்த நாலு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் விடவேயில்லை என்றாள். "நீ பார்த்தாயா?" என்றாள்.

"பார்த்தேன். ஒரு டீக்கடையே பார்த்தது." பிறகு சொல்லிவிட்டேன். மாமாவின் பழைய கடிதம், நான் திருத்தாதது, டீக்கடையில் ஆமா என்றது, எல்லாம். மூன்று மாடி, தொட்டித் தண்ணீர் என்று அடுக்கியது எதற்கு என்பதையும்.

லைனில் வேறு யாரோ மிகத் தூரத்தில் பர்மியில் எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதற்காகத்தான் என்னை வர வேண்டாம் என்றாயா?"

"ஆமாம். மன்னித்துக்கொள் ரூத்."

"நிறுத்து" என்றாள். "நேற்றுக் காலையில் ஒரு மன்னிப்பு வாங்கியிருக்கிறேன். அதை வாங்கியிருக்க வேண்டியவள் என் அம்மா. அவள் இல்லை. அதை எங்கே வைப்பது என்றே எனக்கு இன்னும் தெரியவில்லை. உன்னுடையதைப் போனில் வாங்கிக்கொள்ள மாட்டேன். எப்போது வருகிறாய்?"

"செவ்வாய்க்கிழமை."

"சரி. அந்த ஆள் எழுந்து நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நீ நின்றுகொண்டு சொல்."